தக்காளி இலையில் நோயா? தெளிப்பானை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் தக்காளி வளர்க்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் இலை நோய் வந்தே தீரும். முதல் கொத்துக் காய் பிடித்து முடிக்கும் நேரத்தில் அடி இலைகளில் ஒன்றிரண்டு புள்ளிகூட இல்லாத செடி அபூர்வம். அதனால் முதலில் பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அடி இலை நாலைந்து போனாலும் செடி பாட்டுக்குக் காய்க்கும். அதே சமயம் எல்லா நோயும் இப்படிச் சாதுவானதல்ல. ஒரு வாரத்தில் செடியையே கருக்கிப் போடும் நோயும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புள்ளி விழுந்த இலை, எந்த மருந்து அடித்தாலும் பழையபடி பச்சையாகாது. மருந்து காப்பது இன்னும் நோய் தொடாத இலையைத்தான். இது தெரியாமல் ‘அடித்த மருந்து கேட்கவில்லை’ என்று அடுத்தடுத்து வெவ்வேறு மருந்து வாங்கி ஊற்றுபவர்கள் அதிகம். நோய் நின்றதா என்று பார்க்க வேண்டுமானால் கெட்டுப்போன இலையைப் பார்க்காதீர்கள், அதற்கு மேலே இருக்கும் இரண்டு மூன்று இலைகளைப் பாருங்கள்.

முதல் வேலை: எங்கே ஆரம்பித்தது?

காலையில், வெயில் ஏறுவதற்கு முன் செடியிடம் போங்கள். சில பூஞ்சைகளின் வளர்ச்சி இலையின் அடியில் அந்த ஈரமான நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். நோய் அடி இலையில் தொடங்கி மேலே ஏறுகிறதா, நுனிக் குருத்தில் தொடங்கியிருக்கிறதா, செடி முழுவதும் ஒரே நாளில் வந்ததா என்று கவனியுங்கள். அப்புறம் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூதக்கண்ணாடி இல்லையென்றால் கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். தண்டையும் காயையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தோராயமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடியிலிருந்து மேலே ஏறும் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சை. குருத்து சுருண்டு, சிறுத்து, மஞ்சளானால் வைரஸ் சந்தேகம். இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிப்போனால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், ஆரம்பிப்பதற்கு இது போதும்.

நோயே இல்லாதவை

மருந்துக்குப் போவதற்கு முன் இவற்றைக் கழித்துவிடுங்கள். வீட்டுச் செடிகளில் ‘நோய்’ என்று பயப்படுவதில் நிறைய இந்தக் கணக்கில்தான் வரும்.

அடி இலைகள் மேல்நோக்கிக் குழல்போலச் சுருண்டு, தடித்து, ஆனால் நல்ல பச்சையாகவே இருந்தால் அது வெயிலுக்கும் தண்ணீர் ஏற்ற இறக்கத்துக்கும் செடி காட்டும் எதிர்வினை. ஒரேயடியாகப் பக்கக் கிளைகளைக் கிள்ளி எறிந்தாலும் இப்படி ஆகும். மருந்து தேவையில்லை.

பழைய இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியப் பற்றாக்குறையாக இருக்கலாம். அதே கோலம் இளம் இலையில் தெரிந்தால் இரும்புச்சத்துப் பக்கம் யோசியுங்கள். அடி இலை முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தொட்டியில் தண்ணீர் வடியாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. சத்துக் குறைவில் நிறம் ஒரே சீராக மாறும். அங்கங்கே வட்ட வட்டமாகக் கருகாது.

இலைக்குள் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் அது இலைத் துளைப்பான் புழு போன பாதை. அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் போதும். இலை முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் சிவப்புச் சிலந்தி. வறண்ட வெயில் காலத்தில் வரும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுவது நல்ல முதலுதவி, ஆனால் காலையில் செய்யுங்கள், மாலைக்குள் இலை உலர வேண்டும்.

அடி இலைப் புள்ளிகள்

இவை மூன்று. அண்ணன் தம்பிபோல இருக்கும், உற்றுப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

முன்பருவ இலைக்கருகலில் பழுப்புப் புள்ளிக்குள் வளையம் வளையமாக, குறி பார்த்துச் சுடும் பலகையில் இருப்பதுபோலக் கோடுகள் தெரியும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் படரும். புள்ளிகள் ஒரு சென்டிமீட்டர் வரைகூட விரியும், ஒன்றோடொன்று சேரும், கடைசியில் இலை காய்ந்து தொங்கும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வேலை இது. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் வேகமெடுக்கும். போன முறை காய்ந்து விழுந்த இலைச் சருகில் உயிரோடு கிடந்து, மண்ணில் தெறிக்கும் தண்ணீரோடு அடி இலைக்கு ஏறிவிடும்.

செப்டோரியா இலைப்புள்ளியில் புள்ளிகள் சின்னவை, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். ஓரம் கருப்பு, நடு சாம்பல். அந்தச் சாம்பல் நடுவில் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கருநிறத் துளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பூஞ்சை வித்துகள் உருவாகும் இடம் அது. காயை அநேகமாகத் தொடாது.

பாக்டீரியா புள்ளியில் வளையமும் இல்லை, சாம்பல் நடுவும் இல்லை. சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், எண்ணெய் பட்டதுபோல மினுமினுப்பாக இருக்கும். காயிலும் சொரசொரப்பான பொருக்குகளாக வரும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி பலிக்காது. தாமிரம் கலந்த மருந்து பரவலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். விதையோடும் நாற்றோடும் வரும் நோய் என்பதால் சுத்தமான விதைதான் இதற்கு நிஜமான மருந்து.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது

பின்பருவ இலைக்கருகல். தொடர் மழை, மூடிய வானம், 15 முதல் 22 டிகிரி வரையிலான குளிர்ச்சி, இவை சேர்ந்தால் இதை எதிர்பாருங்கள். இலையில் வெந்நீர் பட்டதுபோல் சாம்பல் பச்சையில் பெரிய திட்டுகள் வரும். வளையம் இருக்காது, ஓரம் தெளிவாக இருக்காது, அடி இலைதான் என்ற கணக்கும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் தொடங்கும். ஈரக் காலையில் இலையைத் திருப்பினால் திட்டின் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். தண்டில் கரும்பழுப்புப் பட்டைகள் வரும், காயில் கெட்டியான பழுப்புத் திட்டு விழும்.

இதை உண்டாக்கும் பைட்டாப்தோரா இன்பெஸ்டன்ஸ் பார்வைக்குப் பூஞ்சைபோல் இருந்தாலும் பூஞ்சை இனம் அல்ல, நீர்ப்பாசிகளுக்கு உறவான நுண்ணுயிர். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது இதுவே. தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். காற்றிலும் வெகுதூரம் போகும்.

ஆகவே இந்த நோய் என்று உறுதியானால் இலை இலையாகக் கிள்ளிக்கொண்டிருக்காதீர்கள். பாதிப்பு பரவிய செடியை அன்றே பிடுங்கி, அங்கேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வையுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். ஒரு செடியின் மேல் இரக்கப்பட்டால் பக்கத்தில் இருக்கும் எல்லாச் செடியும் போகும். நோய் இன்னும் தொடாத மற்றச் செடிகளுக்குத் தாமிர மருந்தை (விவரம் ‘கடைசியாக மருந்து’ பகுதியில்) உடனே அடியுங்கள்.

குருத்து சுருண்டால்

நுனி இலைகள் மேல்நோக்கிக் கிண்ணம்போலக் குவிந்து, சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் புதர்போல நின்றுவிடும். பூ உதிரும், காய் பிடிக்காது. இது இலைச்சுருள் வைரஸ். கொண்டுவருவது வெள்ளை ஈ. செடியை அசைத்தால் இலைக்கடியிலிருந்து மாவு தூவியதுபோல் பறக்குமே, அதுதான். நோயுள்ள செடியில் ஒருமுறை வைரஸை உறிஞ்சிய ஈ, வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்து பரப்பக்கூடியது.

வைரஸுக்கு மருந்து கிடையாது. எதையாவது காட்டி ‘இதை அடித்தால் சுருள் நிமிரும்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சத்துக் குறைவாலோ சிலந்தியாலோ சுருண்ட செடிதான் நிமிர்ந்திருக்கும், பெயர் மருந்துக்குப் போயிருக்கும். சிறு செடியில் வந்துவிட்டால் பிடுங்கிவிடுங்கள். ஆனால் காய்கள் ஓரளவு முற்றிய பிறகு வந்திருந்தால், சுற்றிலும் இளம் செடிகள் இல்லாதபட்சத்தில், இருக்கும் காயை எடுத்துக்கொண்டு அப்புறம் பிடுங்கலாம்.

செய்ய முடிந்ததெல்லாம் ஈயைத் தடுப்பதுதான். நட்ட முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் மிக முக்கியம். அந்தக் காலத்தில் வரும் நோய்தான் விளைச்சலை மொத்தமாகக் காலி செய்யும். நாற்றைக் கண் நெருக்கமான பூச்சி வலைக்குள் வளர்த்தால் பெரிய பாதுகாப்பு. செடி உயரத்தில் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டினால் எவ்வளவு ஈ வருகிறது என்று தெரியும். அட்டை மட்டும் ஈயை ஒழித்துவிடாது. ஈ தெரிந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் நன்றாகக் குலுக்கி, இலைக்கு அடியில் படும்படி மாலையில் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் ஈ அடியில் நிம்மதியாக இருக்கும்.

இலையில் பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது தேமல் வைரஸ். இது ஈ இல்லாமல் கையாலும் கத்தரிக்கோலாலுமே பரவும். புகையிலையிலிருந்துகூட வரக்கூடியது. ஆகவே புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள்.

சாம்பல் நோயும் வாடலும்

இலைமேல் வெள்ளை மாவு பூசியதுபோல் படிந்தால் சாம்பல் நோய். மற்றப் பூஞ்சைகள்போல இதற்கு இலை நனைய வேண்டும் என்பதில்லை. நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து அடித்தால் கட்டுப்படும். ஆனால் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது.

செடி பச்சையாக இருக்கும்போதே திடீரெனத் தொங்கி, தண்ணீர் ஊற்றியும் எழவில்லை என்றால், தூருக்குப் பக்கத்தில் தண்டை வெட்டி, வெட்டுப்பக்கம் மூழ்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல ஒரு கோடு இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடிக்குச் சிகிச்சை கிடையாது, மண்ணோடு சேர்த்து அகற்ற வேண்டியதுதான்.

அடுத்த வேலை: கிள்ளி எடுப்பது

அடி இலைப் புள்ளி நோய்களுக்கு முதல் சிகிச்சை கத்தரிக்கோல்தான். இலை நன்றாக உலர்ந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஈரத்தில் தொட்டால் உங்கள் கையே நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். புள்ளி வந்த இலைகளைக் காம்போடு வெட்டி நேராகப் பையில் போடுங்கள், கீழே போடாதீர்கள். நல்ல செடியை முதலில் தொட்டுவிட்டு நோயுள்ளதைக் கடைசியாகத் தொடுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெட்டலாம்? ஒரு தடவையில் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இலைதான் செடிக்குச் சாப்பாடு தயாரிக்கிறது, காயை வெயிலிலிருந்து மறைப்பதும் அதுதான். மொட்டையடித்தால் காயில் வெள்ளையாக வெயில் தழும்பு விழும். புள்ளி நிறைய இலைகளில் இருந்தால் மோசமானதை இன்று எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மீதியை எடுங்கள். செடி இடுப்பு உயரம் வந்த பிறகு, நோய் இல்லாவிட்டாலும் தரையிலிருந்து ஓர் அடிவரை உள்ள இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிவிடுவது நல்ல பழக்கம். மண் தெறித்தாலும் படுவதற்கு இலை இருக்காது.

இலையை உலர்வாக வைப்பது

மருந்துக் கடைக்காரர் சொல்லாத மருந்து இது. பூஞ்சை வித்து முளைக்க இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறைத்தாலே நோய் பாதியாகும்.

தண்ணீரைத் தூரில் ஊற்றுங்கள், இலைமேல் பூவாளியால் தெளிக்காதீர்கள். மாலையைவிடக் காலை நல்லது. செடிக்குச் செடி ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி இடைவெளி விட்டு, குச்சியோ கயிறோ கட்டி நிமிர்த்தி வளர்த்தால் காற்று உள்ளே புகும். தரையில் படர்ந்து கிடக்கும் தக்காளிக்கு எந்த மருந்து அடித்தும் பயன் குறைவு. அப்புறம் மூடாக்கு. காய்ந்த புல், வைக்கோல், நோயில்லாத சருகு, எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, தண்டை ஒட்டாமல் சிறிது இடம் விடுங்கள். மழைத்துளி மண்ணில் மோதி இலைக்குத் தெறிப்பதை இது நிறுத்திவிடும். நான் ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்று சொல்பவருக்கு மூடாக்கைத்தான் சொல்வேன்.

கடைசியாக மருந்து

இத்தனையும் செய்தும் புள்ளி மேலே ஏறுகிறது, மழையும் விடுவதாக இல்லை என்றால் தெளிக்கலாம். நோய் முற்றிய பிறகு அடிப்பதில் அர்த்தமில்லை.

வீட்டிலேயே கலக்கக்கூடியது போர்டோ கலவை. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைத் தாவரவியலாளர் மில்லர்டே கவனித்தார், 1885இல் செய்முறையை வெளியிட்டார். திருடனுக்காக அடித்தது பூஞ்சைக்கு மருந்தானது.

ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் அரை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், உலோகப் பாத்திரம் கூடாது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஆறிய பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்கி, வடிகட்டுங்கள். நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள், இல்லையென்றால் இலை கருகும். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். இளம் நாற்றுக்குப் பாதி அளவு போதும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூள் கிடைக்கும், லிட்டருக்கு இரண்டரை கிராம். எதுவானாலும் பொட்டலத்தில் உள்ள அளவும், அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற குறிப்பும்தான் கடைசி வார்த்தை. முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செடிக்குப் போங்கள். காற்றில்லாத மாலையில், தேனீ நடமாட்டம் ஓய்ந்ததும் அடியுங்கள். பழத்தை நன்றாகக் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

சமையல் சோடா, பால், பூண்டுக் கரைசல் பற்றிக் கேட்பீர்கள். பால் கலந்த நீர் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துவதைப் பூசணி இனச் செடிகளில் சோதித்திருக்கிறார்கள். சாம்பல் நோய்க்கு முயன்று பார்க்கலாம். கருகல் நோய்க்கு இவற்றை நம்பி ஒரு வாரத்தை வீணாக்க நான் சொல்ல மாட்டேன். சோடாவைத் தொடர்ந்து அடித்தால் தொட்டி மண்ணில் உப்பு சேரும் என்பதும் ஒரு தொல்லை.

அடுத்த நடவுக்கு

செடி முடிந்ததும் வேரோடு எடுத்து, கீழே கிடக்கும் சருகையும் கூட்டி அப்புறப்படுத்துங்கள். தானாக முளைத்த தக்காளிக் கன்றுகளையும் விட்டுவைக்காதீர்கள், அடுத்த நோய்க்கு அவைதான் வாசல். கட்டிய குச்சிகளைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கரைசலில் நனைத்து வெயிலில் காயவையுங்கள்.

அதே இடத்தில் இரண்டு மூன்று வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். நான்கும் ஒரே குடும்பம், நோய்களும் பொது. கீரை, வெண்டை, அவரை வகை போடலாம். தொட்டியென்றால் இன்னும் சுலபம், அந்த மண்ணைக் கீரைக்குக் கொடுத்துவிட்டுத் தக்காளிக்குப் புது மண் கலக்கலாம். மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, லேசான ஈரத்தில் ஒன்றிரண்டு வாரம் நிழலில் வைத்து மண்ணில் சேர்ப்பது வேரழுகலுக்கு நல்ல காப்பு. இலைப்புள்ளியை அது நேராகத் தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சொந்த விதை எடுப்பவர்கள் நோயில்லாத செடியிலிருந்து மட்டும் எடுங்கள். பாக்டீரியா புள்ளி முன்பு வந்திருந்தால் விதையைச் சரியாக 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்நீரில் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். இதற்கு வெப்பமானி கட்டாயம் வேண்டும், இரண்டு மூன்று டிகிரி கூடினாலே முளைப்பு குறையும். கடையில் வாங்கும்போது இலைச்சுருள் எதிர்ப்பு, வாடல் எதிர்ப்பு என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள். போன முறை உங்கள் செடியை எது கொன்றதோ, அதற்கு எதிர்ப்புள்ள ரகத்தை வாங்குங்கள்.